சோழிங்கநல்லூர் தொகுதியில் நாங்கள் எத்தனை பேர்? புள்ளியியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மேடவாக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய் எழுதியவள். தேர்தல் டியூட்டியும் பலமுறை பார்த்தாயிற்று. ஆட்களை எண்ணுகிற இரண்டு வேலையும் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நிறைவேறாமல் கிடக்கும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்றார். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் உற்சாகம் வந்தது. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுக்க ஒரு மனு தயாரித்தோம். எழுதத் தெரிந்தவள் என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டார்கள். முதல் வரியே "சுமார் ______ மக்கள் வசிக்கும் நமது தொகுதியில்" என்று தொடங்கியது. அந்தக் கோட்டை நிரப்ப எனக்கு மூன்று வாரம் ஆனது. கடைசியில் "பல லட்சம்" என்று எழுதிக் கொடுத்தோம். நாற்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவளுக்கு அதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

அந்த மூன்று வாரத்தில் நான் ஏறி இறங்கிய அலுவலகங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒன்றில் ஓர் இளைஞர் மரியாதையாக உட்காரவைத்து, "உங்க ஊர் இப்ப எந்த மாவட்டம் மேடம்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. 2011 கணக்கெடுப்பு நடந்தபோது இந்தத் தொகுதி மொத்தமும் காஞ்சிபுரம் மாவட்டம். அந்த வருஷக் கடைசியில் பெருங்குடி, பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர், நீலாங்கரை எல்லாம் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. 2018இல் சென்னை மாவட்டத்தின் எல்லையை மாநகராட்சியின் எல்லை வரை இழுத்தார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது. மேடவாக்கமும் பெரும்பாக்கமும் சித்தாலப்பாக்கமும் அதற்குள் போயின. ஒரே எம்.எல்.ஏ., இரண்டு கலெக்டர். எங்கள் கணக்கு மட்டும் இன்னும் காஞ்சிபுரம் ஃபைலில் கிடக்கிறது.

சரி, வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் போட வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்தேன். 2021 தேர்தலின்போது எங்கள் தொகுதியில் ஏறத்தாழ 6.9 லட்சம் வாக்காளர்கள். மாநிலத்திலேயே பெரிய தொகுதி இதுதான். அதே பட்டியலில் மிகச் சிறியது துறைமுகம், ஏறத்தாழ 1.76 லட்சம். இரண்டும் சென்னை வட்டாரம்தான், ஓலா பிடித்தால் ஒன்றரை மணி நேரம். தொகுதி மேம்பாட்டு நிதி இரண்டு எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒன்றுதான், வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். துறைமுகத்தில் ஒரு வாக்காளருக்கு 170 ரூபாய் வருகிறது, எங்களுக்கு 43 ரூபாய். மனு எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வகுத்தல் கிடைத்தாலே போதும், பாதி மனு முடிந்துவிடும்.

ஆனால் வாக்காளர் என்றால் மக்கள் ஆகிவிடுவார்களா? பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் அதில் இல்லை. ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலையில் வாடகைக்கு இருக்கும் ஐ.டி. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஓட்டு திருநெல்வேலியிலோ நெல்லூரிலோ இருக்கும். கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களுக்கு ஓட்டு அவரவர் ஊரில். இன்னொரு பக்கம், செத்துப்போனவரும் வீடு மாறிப் போனவரும் பட்டியலை விட்டு லேசில் போவதில்லை. 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. அவற்றில் எது நியாயம், எது அநியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பட்டியலை வைத்துத் தலையை எண்ண முடியாது என்பதற்கு அந்த எண்ணே போதும். 2021இல் மாநிலம் எழுபது சதவீதத்தைத் தாண்டி ஓட்டுப் போட்டபோது எங்கள் தொகுதி பாதியைச் சற்றே தாண்டி நின்றது. பூத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அன்று கொசு அடிக்கத்தான் நேரம் சரியாக இருந்தது. சோம்பேறிகள் என்று டி.வி.யில் திட்டினார்கள். பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேர் இங்கே குடியிருந்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

இப்போது 2011க்கு வருகிறேன். அந்த வருஷம் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு. எனக்கு விழுந்தது பெரும்பாக்கம் பக்கம் ஒரு பகுதி. அப்போது அது ஊராட்சி; ஏரி, வயல், நடுநடுவே மனைப் பிரிவுக் கற்கள். குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிகள் தூண் தூணாக எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு மாலை, கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் இருந்த வேலையாட்களை எழுதப் போனேன். ஒரு பெண் சிமெண்டு அப்பிய கையோடு வந்து நின்றாள். தமிழ் தெரியாது. மேஸ்திரிதான் மொழிபெயர்த்தார். பிறந்த ஊர், கடைசியாக இருந்த ஊர், இங்கு வந்து எத்தனை காலம் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் அவரிடம் ஏதோ சொன்னாள். "இன்னும் மூணு மாசத்துல போயிடுவாங்களாம், எதுக்கு எழுதுறீங்கன்னு கேக்குது" என்றார் அவர். எதற்கென்று சொல்ல எனக்கு அன்று பதில் இருந்தது. உங்கள் துறையின் பேரைச் சொல்லாவிட்டாலும், திட்டம் போடுகிறவர்களுக்கு வேண்டும் என்றேன்.

அவள் சொன்னபடி போயிருப்பாள். அவள் கலவை சுமந்த வீடுகளில் சில வருஷம் கழித்துக் குடியேற்றம் ஆரம்பித்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். எட்டு மாடி பிளாக்குகள், வரிசை வரிசையாக, இருபதாயிரம் வீடு அளவுக்கு. ஒரு வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தாலும் எண்பதாயிரம் பேர் ஆகிறது. தமிழ்நாட்டில் பல நகராட்சிகளில் அவ்வளவு ஜனம் கிடையாது. 2011 கணக்கெடுப்புப் புத்தகத்தில் இந்த ஊரே இல்லை. நான் எழுதிய தகரக் கொட்டகை இருக்கிறது, அதற்குப் பின்னால் எழும்பிய ஊர் இல்லை. அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. பதினைந்து வருஷமாக அரசாங்கக் காகிதத்தில் பெரும்பாக்கம் ஏரியும் வயலுமாகவே இருக்கிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் பிரச்சினை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அங்கன்வாடி 400 முதல் 800 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப்புறத்தில் 30,000 பேருக்கு ஒன்று, நகர்ப்புறத்தில் 50,000 பேருக்கு ஒன்று. எல்லாம் "பேருக்கு" என்றுதான் முடிகிறது. பேர் எங்கே இருக்கிறது?

எண்ணிக்கைதான் இப்படி என்றால், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்ற கதை இன்னும் மோசம். 2011 படிவத்தில் வேலை செய்கிறவரை நாலே பிரிவில் அடைக்கச் சொன்னார்கள்: சொந்த விவசாயம், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றது. எங்கள் தொகுதியில் முதல் மூன்றுக்கும் ஆள் தேட வேண்டும். மிச்சம் எல்லோரும் "மற்றது". எல்காட் ஐ.டி. வளாகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பெண்ணும் மற்றது; அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கண்ணகி நகரிலிருந்து வருகிறவளும் மற்றது. பனையூர்க் குப்பத்தில் விடியுமுன் ஃபைபர் போட்டைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறவர் கூட மற்றதுதான். மீன்பிடிப்புக்கு அந்த நாலில் தனி இடம் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேட்டில் இரும்பு பொறுக்கியவரையும் அதே கட்டத்தில்தான் போட்டிருப்பார்கள். (அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. பறவைகளுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.)

படிவத்தில் அதோடு விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்ன வேலை என்று வார்த்தையில் எழுதினோம். வேலைக்குப் போகும் தூரம் எத்தனை கிலோமீட்டர், எதில் போகிறார் என்றும் கேட்டோம். நடை, சைக்கிள், பஸ், ரயில் என்று குறித்த ஞாபகம் இருக்கிறது. அவ்வளவும் கேட்டு எழுதி அனுப்பினோம். ஆனால் அந்த விவரமான அட்டவணைகள் மாவட்ட அளவில் மட்டும்தான் வெளிவந்தன. கிராமத்துக்கும் வார்டுக்கும் மிஞ்சியது அந்த நாலு பிரிவு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இத்தனை பேர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள் என்று தெரிந்து எனக்கு என்ன செய்ய? பட்டுத் தறி நெய்கிற காஞ்சிபுரமும், கார் செய்கிற ஒரகடமும், சாஃப்ட்வேர் எழுதுகிற சோழிங்கநல்லூரும் அதே அட்டவணையில் ஒன்றாகக் கொதித்துக் குழம்பாகிவிட்டன.

நீங்களே வெளியிடுகிற மாவட்டத் தனிநபர் வருமானமும் அப்படித்தான். செங்கல்பட்டு அதில் முன்வரிசையில் நிற்கிறது. அந்தப் பணம் தொழிற்சாலையிலும் ஐ.டி. கட்டடத்திலும் உற்பத்தியாவது; அங்கே குடியிருப்பவர் பையில் விழுவது வேறு கணக்கு. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சராசரியைப் படிக்கிறவர்கள் பெரும்பாக்கத்தையும் அதே பணக்கார மாவட்டத்தில் சேர்த்துத்தான் படிக்கிறார்கள். ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு அந்த பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள். டவுனுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கட்டணமில்லா பஸ்ஸுக்காகக் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, ராயப்பேட்டை. ஆற்றோரத்தில் இருந்தபோது நடந்து போன அதே வீடுகளுக்கு இப்போது இருபது கிலோமீட்டர் பஸ். என் தெருவில் சமையலுக்கு வரும் ஒரு அம்மா பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் ஓடாத நாளில் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார். "மேல ஏறும்போது தண்ணி குடம் இல்லன்னா பரவால்ல டீச்சர்" என்பார். டவுனுக்குப் போகிற அந்தப் பெண்களின் தூரம் எந்த அட்டவணையிலும் சென்னைக்கும் சேராது, செங்கல்பட்டுக்கும் சேராது.

இங்கே ஒரு வேடிக்கை. 2011 கணக்கில் இருந்து எங்கள் தொகுதிக்கு மொத்தம் போட முடியும். அப்போது இவை தனித்தனி ஊராட்சிகள், பேரூராட்சிகள். மறுவரையறை ஆணையில் தொகுதிக்கு உட்பட்ட ஊர்களின் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது. ஊருக்கு ஊர் எண்ணை எடுத்துக் கூட்ட வேண்டியதுதான். ஒரு நோட்டில் அதைச் செய்து பார்த்தேன். ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர், தாழ்த்தப்பட்டோர், அந்த நாலு வகை வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிந்துவிட்டது. எங்கள் எம்.எல்.ஏ.வுக்கோ அவரை எதிர்த்து நின்றவர்களுக்கோ இதை யாராவது செய்து கொடுத்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். இல்லை. உங்கள் துறை மாவட்டப் புள்ளியியல் கையேடு போடுகிறது. எத்தனை கோழி, எத்தனை கிணறு என்பது வரை அதில் இருக்கிறது. தொகுதிக் கையேடு மட்டும் கிடையாது. 234 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். அவர்கள் யாருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் ஒரு தாள் கூட அவர்கள் மேஜையில் இல்லை.

வெளிநாட்டைக் காட்டிப் பேசுவது எனக்குப் பிடிக்காத விஷயம், இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மக்கள்தொகை அலுவலகமே ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத் தொகுதிக்கும் வயது, வருமானம், வேலை, வேலைக்குப் போகிற நேரம், வாடகை என்று தனித்தனி அட்டவணை வெளியிடுகிறது. பிரிட்டனில் நாடாளுமன்ற நூலகம் தொகுதிவாரியாகப் போடுகிறது. அங்கே இருக்கும் என் அண்ணன் மகள் தன் தொகுதி விவரத்தை செல்லில் காட்டினாள். எத்தனை வீட்டில் கார் இல்லை என்பது வரை இருந்தது. பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கிறது. காகிதப் படிவம் போய் செல்போன் செயலி வந்துவிட்டது. கட்டடங்களை வரைபடத்திலேயே குறிக்கப்போகிறார்கள். 1931க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதியையும் எழுதப்போகிறார்கள். நாங்கள் சுவரில் கரிக்கோடு போட்டு வீட்டு எண் எழுதி, தாளில் கையால் தெரு வரைந்த காலம் முடிந்தது. ஆனால் வெளியீடு பழைய வழியிலேயே வந்தால் எங்கள் பாடு 2011ஐ விட மோசமாகும். அப்போது தனி ஊராக இருந்தவற்றில் பல இப்போது மாநகராட்சி வார்டுகளாகிவிட்டன. வார்டுக் கோடு ஒருவிதமாக ஓடும், தொகுதிக் கோடு ஒருவிதமாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை நோட்டுக் கணக்கு இனி நடக்காது.

அதனால் கேட்பது இதுதான். ஒவ்வொரு கணக்கெடுப்புப் பகுதியும் எந்தச் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது, முடிந்தால் எந்த வாக்குச்சாவடிப் பாகத்தில் வருகிறது என்ற ஒரு குறியீட்டைச் சேர்க்கச் சொல்லி, மக்கள்தொகை இயக்குநரகத்தோடு நீங்கள் இப்போதே பேச வேண்டும். கணக்கெடுப்பு ஒன்றிய அரசின் வேலை, எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்குப் போவது எங்களைப் போன்ற மாநில அரசு ஆசிரியர்கள்தான். அட்டவணை வந்தபின் தொகுதிவாரியாகத் திரும்பக் கூட்டுவதற்கு டெல்லியில் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. தனிநபர் விவரம் எனக்கு வேண்டாம். அது வெளியே வரவும் கூடாது. மொத்தக் கணக்கு போதும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். ரேஷன் கார்டு கணக்கு உணவுத் துறையிடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள் சுகாதாரத் துறையின் பிக்மி பதிவில் இருக்கிறார்கள். வீட்டு மின் இணைப்பு எத்தனை என்று மின்வாரியத்துக்குத் தெரியும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு துறையும் ஊரைத் தன் வசதிக்கு வெட்டி வைத்திருக்கிறது. என் தெருவுக்கே கல்வி மாவட்டம் ஒன்று, சுகாதார மாவட்டம் ஒன்று, மின்வாரியக் கோட்டம் ஒன்று, போலீஸுக்குத் தாம்பரம் கமிஷனர். இவற்றை எல்லாம் ஒரு தொகுதி எல்லைக்குள் அடுக்கிப் பார்க்கிற வேலையை உங்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்? சோழிங்கநல்லூரில் ஆரம்பியுங்கள். பெரியது, சிக்கலானது, இங்கே சரியாக வந்தால் மற்ற 233 சுலபம்.

தொகுதி மறுவரையறை என்றாலே டெல்லியில் தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட் போகும், எத்தனை மிஞ்சும் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் மாநிலத்துக்குள்ளேயே ஒரு கோடு இருக்கிறது. இப்போதைய தொகுதிகள் 2001 கணக்கை வைத்து 2008இல் வரைந்தவை. அன்று தமிழ்நாட்டின் ஜனத்தொகை 6.24 கோடி. 234ஆல் வகுத்தால் தொகுதிக்கு 2 லட்சத்து 67 ஆயிரம் பேர், கைக்குழந்தை உட்பட. 2021இல் எங்கள் வாக்காளர் எண்ணிக்கை மட்டுமே அதற்கு இரண்டரை மடங்காக இருந்தது. நாளைக்கு இந்தத் தொகுதியைப் பிரிக்கத்தான் போகிறார்கள். எங்கே வெட்டுவார்கள்? ஓ.எம்.ஆருக்குக் கிழக்கே கடற்கரையை ஒரு துண்டாகவும், மேற்கே பெரும்பாக்கத்தையும் மேடவாக்கத்தையும் ஒரு துண்டாகவுமா? கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் வீடுகள், செம்மஞ்சேரி சுனாமி குடியிருப்பில் ஆறாயிரத்து எழுநூறுக்கும் மேல், பெரும்பாக்கம். இந்த மூன்று மறுகுடியேற்றப் பகுதிகளும் ஒரே தொகுதியில் சேர்ந்து இருந்தால் அங்கே இருப்பவர்கள் ஓட்டுக்கு ஒரு கனம் இருக்கும். மூன்று பக்கம் சிதறினால் எங்கேயும் இருக்காது. எது நல்லது என்று நானே தீர்மானமாகச் சொல்ல மாட்டேன். வரைகிறவர்கள் முன்னால் அப்போது ஒரு தாள் இருக்க வேண்டும்.

என் 2011 நோட்டு பத்திரமாக இருக்கிறது. கோடு போட்ட நூறு பக்க நோட்டு. முதல் பக்கத்தில் ஊர்ப் பெயர்கள், பிறகு கூட்டல். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன், மன்னிக்கவும். உங்கள் அலுவலகத்தில் யாராவது பார்க்க விரும்பினால் நானே பஸ் ஏறித் தேனாம்பேட்டைக்குக் கொண்டுவருகிறேன். எனக்கும் டிக்கெட் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
மேடவாக்கம்
(தொகுதி எண் 27)